தலையைக் காத்த டாக்டர்

தஞ்சாவூரில் இருந்து புதுக்கோட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது, கந்தர்வக்கோட்டை. சுற்றிலும் முந்திரித் தோப்புகள், கடலைக் கொல்லைகள். முன்பு மாட்டு வண்டியும் சைக்கிளும் போன பாதையில் இப்பொழுது மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. முந்திரி வியாபாரிக்கும் அதுதான் வாகனம், பள்ளிக்கூட ஆசிரியருக்கும் அதுதான் வாகனம், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கும் அதுதான் வாகனம்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் எட்டிப் பாருங்கள். நடையில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு ஹெல்மெட். அப்பா பத்து வருஷத்துக்கு முன் வாங்கியது. இப்பொழுது மகனுக்கு வேலை கிடைத்து, புது வண்டி எடுத்துவிட்டான். வண்டிக்கு மாலை போட்டாயிற்று. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழமும் நசுங்கியாயிற்று. தலைக்கு என்ன? அதுதான் அப்பாவின் ஹெல்மெட் இருக்கிறதே, ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தால் போயிற்று என்கிறார்கள்.

துடைத்தால் போதுமா? பழைய ஹெல்மெட் தலையைக் காக்குமா?

இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஹெல்மெட் எப்படி உலகத்தார் தலையில் ஏறியது என்ற கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு டாக்டரின் வாழ்க்கைக் கதை. அவர் பெயர் ஹியூ கெய்ர்ன்ஸ். புகழ் பெற்ற மூளை ரண சிகிச்சை நிபுணர்.

சிற்றூர்ப் பையன்

ஆஸ்திரேலியாவின் தென் பகுதியில் போர்ட் பிரி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 1896-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி கெய்ர்ன்ஸ் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்தில் இருந்து குடியேறியவர். மரவேலை செய்து பிழைத்தவர். பிள்ளை வளர்ந்தது ரிவர்ட்டன் என்ற சிற்றூரில். கந்தர்வக்கோட்டை மாதிரி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பட்டணம் வேண்டுமென்றால் அடிலெய்டுக்குத்தான் போக வேண்டும்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் படிப்பில் சேர்ந்தான். படிப்பு முடிவதற்குள் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். கிரேக்க நாட்டைச் சேர்ந்த லெம்னோஸ் தீவில் ராணுவ ஆஸ்பத்திரி. அங்கே சாதாரண சிப்பாயாக நோயாளிகளுக்குப் பணிவிடை. அங்கே அவனே நோயில் விழுந்து, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. விட்ட படிப்பைத் தொடர்ந்து 1917-ல் டாக்டர் பட்டம் பெற்றான். மறுபடி யுத்த களம். இந்தத் தடவை சிப்பாய் அல்ல, காப்டன் டாக்டர் கெய்ர்ன்ஸ்!

யுத்தம் முடிந்தது. ரோட்ஸ் உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார் கெய்ர்ன்ஸ். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் மட்டும் அல்ல, படகுப் போட்டியிலும் பேர் வாங்கினார். அந்தக் கல்லூரித் தலைவரின் மகள் பார்பராவையே 1921-ல் மணந்துகொண்டார். மரவேலைக்காரரின் மகன் கல்லூரித் தலைவருக்கு மருமகன் ஆனார்.

குருவைத் தேடி

அந்தக் காலத்தில் மண்டையைத் திறந்து மூளையில் ரண சிகிச்சை செய்வது என்றால், டாக்டர்களே பயப்படுவார்கள். மேஜையில் படுத்தவர் எழுந்திருப்பார் என்பது நிச்சயம் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்று ஒரு மேதை. மூளை ரண சிகிச்சை என்ற துறையையே வளர்த்தவர். 1926-ல் கெய்ர்ன்ஸ் கப்பல் ஏறி அவரிடம் போய்ச் சேர்ந்தார். மின்சாரத்தால் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் முறையைக் குஷிங் கையாளத் தொடங்கிய வருஷம் அது. அவசரம் கூடாது, ஒரு சொட்டு ரத்தமும் வீணாகக் கூடாது, நோயாளி பிழைத்தாலும் இறந்தாலும் குறித்து வைக்க வேண்டும். இவை குஷிங்கின் பாடங்கள். கடைசிப் பாடம் கெய்ர்ன்ஸின் உள்ளத்தில் நன்றாகப் பதிந்தது. அதன் பலனை ராணுவம் பிற்பாடு கண்டது.

1927-ல் லண்டன் திரும்பி, லண்டன் ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். பெரிய மனிதர்கள் தலையில் அடிபட்டால் கூப்பிட வேண்டிய டாக்டர் என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது.

சாலையில் விழுந்த வீரர்

அது 1935-ம் ஆண்டு. மே மாதம் 13-ந் தேதி.

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு கிராமத்துச் சாலை. ஒருவர் பெரிய மோட்டார் சைக்கிளில் வருகிறார். தபால் ஆபீசில் தந்தி கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். சாலை ஓரிடத்தில் பள்ளமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் இரண்டு பையன்கள் சைக்கிளில் போவது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது வெகு அருகில் வந்துவிட்டார். பையன்களைக் காப்பாற்ற வண்டியை ஒடித்துத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலை தரையில் மோதியது. தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை.

அவர் யார் தெரியுமா? அரேபியா லாரன்ஸ்! முதல் உலக யுத்தத்தில் அரபு மக்களோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்த டி.இ. லாரன்ஸ். 1962-ல் வெளிவந்து உலகமெல்லாம் ஓடிய சினிமாப் படம் இவர் கதைதான். படமே இந்த விபத்தில்தான் தொடங்குகிறது. பெயரை மாற்றிக்கொண்டு விமானப் படையில் சாதாரண ஆளாகச் சேர்ந்த இவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் கராச்சியிலும் எல்லைப்புறத்து மீரான்ஷாவிலும் இருந்ததுண்டு. விமானப் படையை விட்டு விலகி மூன்று மாதம் கூட ஆகவில்லை. வயது 46. மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். பிரப் சுப்பீரியர் என்ற விலை உயர்ந்த வண்டி. அவர் வைத்திருந்தவற்றில் இது ஏழாவது.

ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் நினைவின்றிக் கிடந்தார். வரவழைக்கப்பட்ட டாக்டர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். குஷிங்கிடம் கற்ற வித்தை எல்லாம் கையில் இருந்தது. ஆனால் மூளைக்குள் நேர்ந்த சேதம், கத்தியால் சரிசெய்யக் கூடியதாக இல்லை. ஆறு நாள் கழித்து, மே 19-ந் தேதி லாரன்ஸ் காலமானார்.

அந்த மரணம் கெய்ர்ன்ஸின் மனத்தை உறுத்தி, அன்றே ஹெல்மெட் ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது என்று கதை சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஆறு வருஷம் இருக்கிறது. ஒரு லாரன்ஸ் இறந்ததற்காக மட்டும் அல்ல, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் இறந்ததற்காகவும்தான் அவர் பேனாவை எடுத்தார் என்பது என் எண்ணம்.

கணக்கு எடுத்தார்

1937-ல் கெய்ர்ன்ஸ் ஆக்ஸ்போர்டில் ரண சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். பதவியின் பெயர் நப்பீல்டு பேராசிரியர். நப்பீல்டு பிரபு, மருத்துவக் கல்விக்காக 20 லட்சம் பவுனை அள்ளிக் கொடுத்த வள்ளல். சைக்கிள் கடை வைத்து, மோட்டார் சைக்கிள் செய்து, பிறகு மோரிஸ் கார் செய்து கோடீசுவரர் ஆனவர். நம் ஊர் அம்பாசடர் கார் இருந்ததே, அது இந்த மோரிஸ் காரின் வாரிசுதான். மோட்டாரில் வந்த பணம், மோட்டாரில் அடிபட்டவர்களைக் காக்கப் போயிற்று.

1939-ல் இரண்டாம் உலக யுத்தம். ஆக்ஸ்போர்டில் பெண்கள் படித்துக்கொண்டிருந்த செயின்ட் ஹியூ கல்லூரி, தலைக்காயத்துக்கென்றே தனி ராணுவ ஆஸ்பத்திரி ஆயிற்று. யுத்தம் முடிவதற்குள் 13 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றார்கள். கெய்ர்ன்ஸ் ராணுவத்தின் மூளை ரண சிகிச்சை ஆலோசகர். யுத்த களத்துக்கே போய்ச் சிகிச்சை செய்ய, வாகனங்களில் நடமாடும் ஆஸ்பத்திரிக் குழுக்களையும் அமைத்தார்.

அடிபட்டு வந்தவர்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எதிரியின் குண்டு பட்டு வந்தவர்களோடு, சொந்த நாட்டுச் சாலையில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். செய்தி கொண்டு போகும் சிப்பாய்கள் இரவு பகலாக வண்டியில் ஓடினார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் விளக்கு அணைப்பு. வண்டி விளக்குக்கும் முகமூடி. இருட்டில் போய் மோதினார்கள்.

கெய்ர்ன்ஸ் கணக்கு எடுத்தார். யுத்தத்தின் முதல் 21 மாதத்தில், மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களுமாக, பிரிட்டனில் சாலையில் இறந்தவர்கள் 2,279 பேர்! பெரும்பாலும் தலைக்காயம். விபத்தின்போது ஹெல்மெட் அணிந்திருந்தவர்கள் யாராவது உண்டா என்று தேடினார். கிடைத்தவர்கள் ஏழே பேர். ஏழு பேரும் உயிர் பிழைத்திருந்தார்கள்.

ஹெல்மெட் அப்பொழுது புதுச் சரக்கு அல்ல. 1914-லேயே, புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்து டாக்டர் எரிக் கார்ட்னர், கித்தான் துணியை அரக்கால் விறைப்பாக்கித் தொப்பி செய்து பந்தய வீரர்களை அணிய வைத்தார். பந்தயக்காரர்களுக்கு இருந்த தொப்பி, வேலைக்குப் போகிறவனுக்கு இல்லை. அவ்வளவுதான்.

1941 அக்டோபரில், பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் கெய்ர்ன்ஸின் கட்டுரை வெளிவந்தது. அடுத்த மாதமே, பணியில் வண்டி ஓட்டும் ராணுவத்தார் அனைவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஒரு டாக்டரின் கட்டுரைக்குப் பட்டாளம் இத்தனை சீக்கிரம் செவி சாய்த்தது அபூர்வம்!

நுங்கும் மூளையும்

ஏழு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வருவது சரி அல்ல என்று கெய்ர்ன்ஸுக்குத் தெரியாதா? குஷிங்கின் சீடர் ஆயிற்றே! உத்தரவு வந்த பிறகும் அவர் ஓயவில்லை. ஹெல்மெட்டோடு விபத்தில் சிக்கிய 106 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 1943-ல் எழுதினார். அதற்குத் துணையாக இருந்தவர் ஹோல்பர்ன் என்ற பௌதிக நிபுணர். ஒரு டாக்டர் பௌதிக நிபுணரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டதில்தான் இருக்கிறது, கெய்ர்ன்ஸின் புத்தி.

மண்டைக்குள் மூளை எப்படி இருக்கிறது? நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டி, உள்ளே குழகுழப்பு. காயைத் தரையில் போட்டால், ஓடு உடையாமலே உள்ளே நுங்கு சிதையலாம். ஹோல்பர்ன், மூளைக்குப் பதிலாக ஜெலட்டின் என்ற பாகுபோன்ற பொருளை வைத்துச் சோதித்தார். தலை சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் உள்ளே ஏற்படும் இழுப்புதான் மூளையைக் கெடுக்கிறது என்று கண்டார்.

வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை, தரையில் இருந்து சுமார் ஐந்து அடி உயரத்தில் இருக்கிறது. நிற்கிற வண்டியோடு சாய்ந்து விழுந்தால்கூட, தலை தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் வேகம். வெறும் தலை அந்த வேகத்தில் இருந்து நொடியில் நின்றுவிடுகிறது. ஹெல்மெட்டோ, நசுங்கி நசுங்கி, அந்த நிறுத்தத்தைச் சற்று நீட்டுகிறது. முட்டையைச் சிமெண்டுத் தரையில் போடுவதற்கும் வைக்கோல் போரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஹெல்மெட் கல் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது தலைக்குப் பதில் தான் கெட்டுப்போவதற்காகச் செய்யப்பட்டது.

கெய்ர்ன்ஸ் காலத்து ஹெல்மெட் வேறு மாதிரி. கெட்டி ரப்பராலோ கூழைச் சேர்த்து அழுத்தியோ செய்த ஓடு. உள்ளே தலையைத் தாங்க நாடாப் பட்டைகள். இன்றைய ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது நாம் தெர்மோகோல் என்று சொல்கிறோமே, அந்த வகைதான். நசுங்கித் தாங்கும் உள்பகுதி வைத்த ஹெல்மெட்டுக்கு, அமெரிக்காவில் லம்பார்டு, ராத் என்ற இருவர் 1953-ல் காப்புரிமை பெற்றார்கள். அதைக் காணக் கெய்ர்ன்ஸ் உயிரோடு இல்லை. புற்றுநோயால் 1952 ஜூலை 18-ந் தேதி ஆக்ஸ்போர்டில் அவர் காலமானார். வயது 56.

சர் பட்டம் 1946-ல் கிடைத்தது. அதற்கு முன், தம்மைப் போலவே அடிலெய்டில் படித்த பிளோரியுடன் 1943-ல் வட ஆப்பிரிக்கா சென்று, காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பென்சிலின் கொடுத்துச் சோதித்தார். 1945 டிசம்பரில், கார் விபத்தில் கழுத்து ஒடிந்த அமெரிக்கத் தளபதி பேட்டனைப் பார்க்க ஜெர்மனிக்கு விமானத்தில் அழைத்துப் போனார்கள். அவரையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆணியில் தொங்கும் ஹெல்மெட்

இப்பொழுது அப்பாவின் ஹெல்மெட்டுக்கு வருவோம்.

கொலுவுக்கு வாங்கிய தெர்மோகோல் துண்டு வீட்டில் கிடந்தால், அதில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழும். விரலை எடுத்தாலும் குழி மேலே வராது. ஹெல்மெட்டின் உள்பகுதியும் அப்படித்தான். ஒரு தடவை தலையோடு மோதி நசுங்கினால், அந்த இடம் திரும்பப் பருக்காது. வெளி ஓட்டில் சிறு கீறல்தான் தெரியும். பாலிஷ் போட்டால் அதுவும் மறைந்துவிடும். ஆகவே முதல் கேள்வி வயது அல்ல. அது எப்பொழுதாவது தலையோடு விழுந்ததா? விழுந்தது என்றால், போன மாதம் வாங்கியதாக இருந்தாலும் அதன் வேலை முடிந்தது. கை தவறிக் காலி ஹெல்மெட் ஒரு தடவை கீழே விழுந்தால் பெரும்பாலும் மோசம் இல்லை. நசுக்குவதற்கு உள்ளே தலை இல்லையே. அதற்காகத் தினமும் தரையில் எறியலாம் என்று அர்த்தம் அல்ல.

பிறகுதான் வயது. அமெரிக்காவில் ஸ்னெல் என்று ஒரு சோதனை நிறுவனம் இருக்கிறது. 1956-ல் ஹெல்மெட் அணிந்தும் கார் பந்தயத்தில் இறந்துபோன பீட் ஸ்னெல் என்ற வீரரின் நினைவாக, மறு வருஷம் தொடங்கியது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஹெல்மெட்டை மாற்றுங்கள் என்பது அவர்கள் யோசனை. தலை எண்ணெய், வியர்வை, பசை எல்லாம் உள்பகுதியைக் கெடுக்கும் என்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கனடாவில் அறுநூறுக்கு மேற்பட்ட பழைய சைக்கிள் ஹெல்மெட்டுகளை இடித்துச் சோதித்தார்கள். சிலவற்றுக்கு இருபது வயதுக்கு மேல். வயது ஆன காரணத்தால் மட்டும் அந்த உள்பகுதி வலுவிழந்துவிடவில்லை என்று கண்டார்கள்.

அப்படியானால் அப்பாவின் ஹெல்மெட் பிழைத்ததா? அவசரப்பட வேண்டாம். கனடாவின் குளிர் வேறு, நம் சித்திரை வெயில் வேறு. சைக்கிள் ஹெல்மெட் வேறு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேறு. பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்த்து வைக்கும் பழக்கம் வேறு நமக்கு உண்டு. தெர்மோகோலில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேளுங்கள். கரைந்து ஓட்டை விழும். ஓட்டின் மேல் தின்னர் கலந்த பெயிண்டு அடித்துப் பேர் எழுதுவதும், பிளாஸ்டிக் ஓட்டை வலுவிழக்கச் செய்யும்.

இன்னும் பெரிய விஷயம், அளவு. பத்து வருஷம் அப்பா தலையில் இருந்த உள் மெத்தை, அப்பாவின் தலைக்கு ஏற்றபடி அமுங்கி இருக்கும். மகன் தலையில் அது ஆடும். ஆடுகிற ஹெல்மெட், வண்டி மோதியதும் தலையை விட்டு முதலில் பறக்கும். போட்டு, தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டு, பின்புறம் பிடித்து முன்பக்கமாகத் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் அல்ல. பட்டையின் கிளிப் உடைந்து, வெறுமனே முடிச்சுப் போட்டு ஓட்டுகிறவர்களை இந்தச் சாலையிலேயே தினமும் பார்க்கலாம். பட்டை நூல் நூலாகப் பிரிந்திருந்தாலும், தெர்மோகோலில் வெடிப்போ குழியோ இருந்தாலும், அது ஆணியிலேயே இருக்கட்டும்.

உள்ளே ஒட்டியுள்ள சீட்டில், தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். பின்புறம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். ஐ.எஸ். 4151 என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் எண். 2021 ஜூன் 1-ந் தேதி முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்ட விரோதம். அப்பாவின் ஹெல்மெட் அதற்கு முன் வாங்கியதாக இருந்தால், முத்திரையைத் தேடிப் பார்ப்பது அவசியம். தெர்மோகோலே இல்லாமல், பஞ்சும் துணியும் மட்டும் வைத்த தொப்பிகள் அந்தக் காலத்தில் சாலையோரத்தில் ஏராளமாக விற்றன. போலீஸ்காரரைச் சமாளிக்க வாங்கிய சரக்கு அது. அடிபடாத, முத்திரையுள்ள ஆறு வயது ஹெல்மெட்டா, அல்லது முத்திரை இல்லாத புதுத் தொப்பியா என்று கேட்டால், நான் ஆறு வயதுக்காரனைத்தான் தேர்ந்தெடுப்பேன். பத்து வயது என்றால் யோசிக்க மாட்டேன்; புதிதாக வாங்குவேன். மாலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் செலவு செய்தவர்களுக்கு இது பெரிய செலவு அல்ல.

சட்டம் மெதுவாகவே வந்தது. கெய்ர்ன்ஸ் வாழ்ந்த பிரிட்டனிலேயே பொதுமக்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் ஆனது 1973-ல்தான். அவர் கட்டுரை எழுதி 32 வருஷம் கழித்து! சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது 1956-ல். அதில் ஊர்வலம் வந்த நம் பெரியவர்கள் தலையில் தலைப்பாகை இருந்தது, ஹெல்மெட் இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் அணிய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் ஐகோர்ட்டு தலையிட்டு, 2015 ஜூலை 1-ந் தேதி முதல் கண்டிப்பாக்கிய பிறகுதான் கடைகளில் ஹெல்மெட்டுக்குக் கூட்டம் நின்றது. அன்று அவசரமாக வாங்கியவைதான், இன்று பல வீடுகளில் ஆணியில் தொங்குகின்றன.

லாரன்ஸ் கடைசியாக ஓட்டிய மோட்டார் சைக்கிளின் எண் ஜி.டபிள்யூ. 2275. அதற்குப் பெரிய சேதம் இல்லை. பழுது பார்த்தார்கள்; பிறகும் ஓடியது.